அக்காவுக்கு வந்த நோயின் வரலாறு

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பாரீசுக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் என் பேத்தி போன் செய்தாள். சொந்தப் பேத்தி அல்ல, என் அக்கா மகளின் மகள். ஆனால் நான் தூக்கி வளர்த்த குழந்தை.

"தாத்தா, ஒண்ணு கேக்கணும். எங்க அம்மாவப் பெத்த ஆயா எப்படி இறந்தாங்க?"

அவள் மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு, சகோதரிக்கு, பாட்டிக்குக் கர்ப்பகாலத்தில் இரத்தக் கொதிப்போ வலிப்போ வந்ததுண்டா என்று அதில் ஒரு கேள்வி. அவள் தன் அம்மாவைக் கேட்டிருக்கிறாள். அம்மா, "என்னப் பெத்ததும் ஜன்னி கண்டு போயிட்டாங்கன்னு சொல்லுவாங்க, வேற தெரியாது, மாமாவக் கேளு" என்று சொல்லிவிட்டாள்.

உயிரோடு இருப்பவர்களில் அதைக் கண்ணால் பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்போது எனக்குப் பதிமூன்று வயது.

1963. புதுச்சேரி இந்தியாவோடு சட்டப்படி சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பள்ளியில் எங்களுக்கு இன்னும் பிரெஞ்சுதான். அக்காவுக்கு இருபத்தொரு வயது, தலைச்சன் பிள்ளை. வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். எட்டாம் மாதத்தில் கால் வீங்கியது. "நீர் கோத்திருக்கு, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார்கள். பிறகு கையும் முகமும் வீங்கின. மெட்டி விரலை அழுத்தியதால் அம்மா சோப்பு போட்டுக் கழற்றினாள். இரண்டு நாளாகத் தலைவலி. மூன்றாம் நாள் காலையில் அக்கா திண்ணையில் உட்கார்ந்து, "கண்ணுக்குள்ள மின்னல் அடிக்குதுடா" என்று என்னிடம் சொன்னாள். நான் சிரித்துவிட்டுப் பள்ளிக்குப் போய்விட்டேன். மாலையில் திரும்பியபோது வீட்டில் யாரும் இல்லை. ஒரு சிறிய பிரசவ விடுதிக்குக் கொண்டு போயிருந்தார்கள். வலிப்பு மூன்று தடவை வந்ததாம். குழந்தை பிழைத்தது. அக்கா மறுநாள் விடியற்காலையில் போய்விட்டாள்.

அந்த விடுதியில் இரத்தக் கொதிப்புப் பார்க்கும் கருவி இருந்ததா, இருந்தும் பார்க்கவில்லையா என்று யாரும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாத காலம். கண்ணேறு என்றார்கள், நாள் சரியில்லை என்றார்கள்.

பின்னாளில் உத்தியோகத்தில் பல பிரிவுகள் மாறியபோது, பழைய எத்தா-சிவில் பதிவேடுகள் இருந்த பிரிவிலும் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். ஒரு நாள் அக்காவின் பக்கத்தைத் தேடி எடுத்தேன். அழகான கையெழுத்தில் தேதி, நேரம், தகப்பன் பெயர், புருஷன் பெயர், சாட்சிகள் என்று எல்லாம் இருந்தது. காரணம் மட்டும் இல்லை. பிரெஞ்சு முறை இறப்புப் பதிவில் அது எழுதுவதே இல்லை. அன்று வீட்டுக்கு வந்து லாரூஸ் அகராதியில் 'எக்லாம்ப்சி' என்ற சொல்லைப் பார்த்தேன். கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, திடீரென்று பளிச்சிடும் ஒளி என்று பொருள். திண்ணையில் அக்கா சொன்னதும் அதுதான்.

பேத்தியின் போனுக்குப் பிறகு இந்த நோயின் கதையை எனக்குக் கிடைத்த பிரெஞ்சு, ஆங்கிலப் புத்தகங்களில் தேடித் தேடிப் படித்தேன். நான் வைத்தியன் அல்ல, கோப்பு பார்த்தே காலம் தள்ளியவன். ஒரு குமாஸ்தாவுக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

இந்தக் கதையில் பிரெஞ்சுக்காரர்கள் நிறைய வருகிறார்கள். முதலில் வருபவர் பிரான்சுவா மொரிசோ, பாரீஸ் ஓத்தெல்-தியே ஆஸ்பத்திரியில் தொழில் கற்றவர். 1668ல் கர்ப்பிணிகளின் நோய்கள் பற்றி அவர் எழுதிய புத்தகம் ஐரோப்பா முழுவதும் பரவியது. அவருடைய சொந்தத் தங்கை இருபத்தோரு வயது நிரம்பும் முன்பே கர்ப்பத்தில் இரத்தப்போக்கு கண்டு இறந்தாள். அதை அவரே அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். படித்தபோது எனக்கு என்னவோ செய்தது. வலிப்பு முதல் கர்ப்பத்துப் பெண்களுக்குத்தான் அதிக ஆபத்து என்று குறித்து வைத்தவரும் அவரே. கவனித்தது சரி, காரணம் சொன்னது தவறு. உடம்பில் இரத்தம் மிகுந்துவிட்டது என்று நினைத்து, நரம்பைக் கீறி இரத்தம் இறக்கினார்கள். இந்த வழக்கம் அவருக்குப் பின்னும் நெடுங்காலம் நடந்தது.

அடுத்து மோம்பெலியே நகரத்து புவாசியே தெ சொவாழ். நோய்களைத் தாவரங்களைப் போல வகை பிரித்து அடுக்கியவர். காக்காய் வலிப்பு வாழ்நாள் முழுக்க வந்து போகும், எக்லாம்ப்சியாவோ திடீரென்று வந்து காரணம் நீங்கியதும் நின்றுவிடும், இரண்டும் வேறு என்று 1739ல் பிரித்துக் காட்டினார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கதை சிறுநீருக்கு வருகிறது. லண்டன் கைஸ் ஆஸ்பத்திரியில் ரிச்சர்ட் பிரைட் என்ற வைத்தியர், நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்தியில் காட்டுவார். முட்டையின் வெள்ளைக்கரு போல அது உறைந்தால் ஆல்புமின் இருக்கிறது, சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று பொருள். 1840 வாக்கில் பாரீசில் பியேர் ரேயே, உடம்பு வீங்கிய கர்ப்பிணிகளின் சிறுநீரிலும் இதே ஆல்புமினைக் கண்டார். 1843ல் கைஸ் ஆஸ்பத்திரியின் ஜான் லீவர், வலிப்பு கண்ட பெண்களிடம் அது இருக்கிறது, பிரசவம் ஆனதும் மறைந்துவிடுகிறது, ஆகவே இது பிரைட் சொன்ன சிறுநீரக நோய் அல்ல என்று நிறுவினார். ஒரு கரண்டியும் ஒரு மெழுகுவர்த்தியும் போதும் அந்தச் சோதனைக்கு. அதற்கு நூற்றிருபது வருடம் கழித்து எங்கள் வீட்டில் இரண்டும் இருந்தன.

1896ல் இத்தாலியர் ரீவா-ரோச்சி கையில் பட்டை சுற்றி இரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டு வந்தார். மறு ஆண்டே பாரீசில் வக்கேஸ், நொபேகூர் என்ற இருவர், எக்லாம்ப்சியா கண்ட பெண்களுக்கு இரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று அளந்து எழுதினார்கள். கொதிப்பும் ஆல்புமினும் வலிப்புக்கு முன்பே வந்துவிடுகின்றன என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவானது. அந்த முந்தைய நிலைக்குத்தான் பிரீ-எக்லாம்ப்சியா என்று பெயர். கர்ப்பிணி போனவுடன் கையில் பட்டை சுற்றுவதும், சிறுநீர் கேட்பதும் அதிலிருந்து வந்த வழக்கம்.

காரணம் மட்டும் பிடிபடவில்லை. கர்ப்பப்பைக்குள்ளிருந்து ஏதோ விஷம் தாயின் இரத்தத்தில் கலக்கிறது என்று எண்ணி 'டாக்சீமியா' என்று பெயர் வைத்தார்கள். நம் வயதுக்காரர்கள் பழைய டாக்டர்கள் வாயிலிருந்து இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள். விஷத்தை எல்லாரும் தேடினார்கள், யாருக்கும் கிடைக்கவில்லை. ஆளுக்கொரு கொள்கை கிளம்பியதால், ஜெர்மானியப் பேராசிரியர் த்ஸ்வைஃபெல் 1916லேயே இதைக் 'கொள்கைகளின் நோய்' என்று அழைத்தார். 1983ல் அமெரிக்காவில் சிலர், இந்த நோய் கண்டவர்களின் இரத்தத்தில் ஒரு புழுவைக் கண்டோம் என்று அதற்குப் பெயரும் சூட்டினார்கள். ஸ்லைடு தயாரிக்கும்போது ஒட்டிக்கொண்ட தூசு துரும்பைத்தான் புழு என்று பார்த்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

இரத்தத்தில் அடையாளம் தேடும் முயற்சியும் பழையதுதான். இந்த நோயில் யூரிக் அமிலம் கூடுவதை 1917லேயே பார்த்திருக்கிறார்கள். சில பெண்களுக்குச் சிவப்பணுக்கள் உடைந்து, கல்லீரல் என்சைம்கள் ஏறி, பிளேட்லெட் குறைவதை 1982ல் வைன்ஸ்டைன் என்ற அமெரிக்க டாக்டர் தொகுத்து 'ஹெல்ப்' என்று பெயர் வைத்தார். இவையெல்லாம் நோய் வந்த பிறகு ஏற்பட்ட சேதத்தைக் காட்டுபவை. வீடு எரிந்தபின் சாம்பலை அளப்பது போல. புகை வரும்போதே சொல்ல ஒன்றும் இல்லை.

அது வந்தது இந்த நூற்றாண்டில். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்த அனந்த் கருமஞ்சி இந்தியாவிலிருந்து போன சிறுநீரக வைத்தியர். அவரும் கூட்டாளிகளும் நோய் கண்ட பெண்களின் நஞ்சுக்கொடியையும் ஆரோக்கியமான பெண்களின் நஞ்சுக்கொடியையும் ஒப்பிட்டார்கள். நோய் கண்டதில் ஒரு புரதம் மிக அதிகமாக உற்பத்தியாகியிருந்தது. அதன் பெயர் எஸ்-எஃப்.எல்.டி-1.

இது என்ன செய்கிறது என்பதை என் பாஷையில் சொல்கிறேன். நம் இரத்தக் குழாய்களின் உட்சுவர் நல்லபடி இருக்க, உடம்பு சில வளர்ச்சிப் புரதங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். வி.இ.ஜி.எஃப். என்பது ஒன்று. நஞ்சுக்கொடி வளர்ச்சிக் காரணி, சுருக்கமாக பி.எல்.ஜி.எஃப்., இன்னொன்று. இவற்றைத் தபால் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்ச் சுவரில் இவற்றை வாங்கிக்கொள்ளும் கவுண்டர்கள் உண்டு. எஸ்-எஃப்.எல்.டி-1 என்பது அந்தக் கவுண்டரின் ஒரு துண்டு, சுவரில் ஒட்டாமல் இரத்தத்தில் மிதப்பது. ஆபீஸ் வாசலுக்கு வெளியே ஒருவன் போலிக் கவுண்டர் போட்டு, வரும் தபாலையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டால் எப்படி? உள்ளே ஒரு கோப்பும் நகராது. அப்படித்தான் தபால் வராமல் குழாய்ச் சுவர் நலிகிறது. அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரக வடிகட்டி ஒழுகி ஆல்புமின் வெளியேறுகிறது. கல்லீரலும் மூளையும் பாதிக்கப்படுகின்றன. தலைவலி, கண்ணில் மின்னல், வலிப்பு எல்லாம் அதன் விளைவு.

நஞ்சுக்கொடி ஏன் இதை அதிகமாகச் சுரக்கிறது? கர்ப்பத்தின் தொடக்கத்தில், கர்ப்பப்பையின் குறுகிய இரத்தக் குழாய்கள் அகன்று நஞ்சுக்கொடிக்குத் தாராளமாக இரத்தம் விட வேண்டும். சிலருக்கு அவை சரியாக அகலுவதில்லை. வாய்க்கால் தூர் வாராத வயல் போல நஞ்சுக்கொடி காய்கிறது. காய்ந்த நஞ்சுக்கொடிதான் இதைக் கொட்டுகிறது. நோயின் வேர் மூன்றாம் நான்காம் மாதத்திலேயே விழுந்துவிடுகிறது, கால் வீங்குவது கடைசியில்தான்.

ஒரு பக்கத் துப்பும் இருந்தது. புற்றுநோய்க்கு வி.இ.ஜி.எஃப்.பைத் தடுக்கும் மருந்து கொடுத்தபோது, கர்ப்பத்துக்குச் சம்பந்தமே இல்லாத நோயாளிகளுக்கும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரில் புரதமும் வந்தன. பாஸ்டன் குழு எலிகளின் உடம்பில் எஸ்-எஃப்.எல்.டி-1 கூடும்படி செய்து பார்த்தது. கொதிப்பு ஏறியது, புரதம் ஒழுகியது. 2003ல் இது வெளியானது. டாக்சீமியா என்று பெயர் வைத்த பழைய ஆட்கள் முழுக்கத் தவறவில்லை என்று எனக்குத் தோன்றியது. விஷம் என்று ஒன்று இல்லாவிட்டாலும், நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் இரத்தத்துக்கு ஒன்று வரத்தான் செய்தது.

அடுத்த கட்டம் என்னைப் போன்ற ரிக்கார்டு ஆசாமிகளுக்கு மிகவும் பிடித்தமானது. 1990களில் அமெரிக்காவில், கால்சியம் மாத்திரை கொடுத்தால் இந்த நோயைத் தடுக்கலாமா என்று நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. தடுக்கவில்லை. ஆய்வு தோற்றது. ஆனால் அந்தப் பெண்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளை எறியாமல் உறைய வைத்திருந்தார்கள். ரிச்சர்ட் லெவீன் என்ற ஆய்வாளரும் கருமஞ்சி குழுவும் அந்த மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். யாருக்கு நோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்பது பதிவில் இருக்கிறதல்லவா? நோய் வெளியே தெரிவதற்கு ஏறக்குறைய ஐந்து வாரம் முன்பே எஸ்-எஃப்.எல்.டி-1 ஏறத் தொடங்கியிருந்தது. பி.எல்.ஜி.எஃப். அதற்கும் முன்பே, நான்காம் மாதத்திலேயே குறைவாக இருந்தது. 2004ல் இதை வெளியிட்டார்கள். தோற்றுப்போன ஆய்வின் பழைய மாதிரியில்தான் அந்தப் புகை கிடைத்தது. "பழைய கோப்பைக் கொளுத்திவிடலாம் சார்" என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

ஒன்று ஏறுகிறது, ஒன்று இறங்குகிறது. முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். அந்த விகிதத்துக்கு ஒரு எல்லை வேண்டும். பல நாடுகளில், நோய் இருக்குமோ என்று சந்தேகப்பட்ட கர்ப்பிணிகள் ஐந்நூறு பேரிடம் முதலில் எல்லையைக் கண்டுபிடித்து, வேறு ஐந்நூற்றைம்பது பேரிடம் சரிபார்த்து, 2016ல் வெளியிட்டார்கள். எல்லை 38. விகிதம் 38 அல்லது அதற்குக் கீழே இருந்தால், அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வராது என்பது 99.3 சதவீதம் சரியாக இருந்தது. 38க்கு மேலே போனால் வந்தே தீரும் என்று அர்த்தம் இல்லை. அப்படிப் போனவர்களில் நாலு வாரத்துக்குள் நோய் வந்தவர்கள் நூற்றுக்கு முப்பத்தேழு பேர்தான். ஆகவே இந்தப் பரிசோதனை பெரும்பாலும் 'இப்போதைக்குப் பயம் இல்லை, வீட்டுக்குப் போகலாம்' என்று சொல்வதற்கும், யாரைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும் என்று பிரிப்பதற்கும் உதவுகிறது.

பிரிட்டனில் 11 பிரசவ ஆஸ்பத்திரிகளில் 1,023 பெண்களிடம் பி.எல்.ஜி.எஃப். மட்டும் பார்த்தார்கள். முடிவு 2019ல் வந்தது. டாக்டருக்கு அந்த எண்ணைக் காட்டாதபோது நோயை உறுதி செய்ய எடுத்த நாள் 4.1, காட்டியபோது 1.9. இரண்டு நாள்தானே என்று தோன்றலாம். எங்கள் வீட்டில் தலைவலிக்கும் வலிப்புக்கும் நடுவில் இருந்ததும் இரண்டு நாள்தான். அமெரிக்க அரசு 2023 மே மாதம் இத்தகைய பரிசோதனைக்கு முதல் அனுமதி கொடுத்தது.

சரி, தெரிந்துகொண்டால் என்ன செய்வது? குணப்படுத்தும் வழி இன்றும் ஒன்றுதான், பிரசவம். குழந்தையும் நஞ்சும் வெளியே வர வேண்டும். எப்போது என்பதுதான் கேள்வி. அவசரப்பட்டால் குழந்தைக்கு ஆபத்து, தாமதித்தால் தாய்க்கு ஆபத்து. அதுவரை கொதிப்பைக் குறைக்க மருந்து உண்டு. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் உண்டு. நம் வீடுகளில் பேதி உப்பு என்போமே, அதே சரக்குதான், ஊசி மருந்தாக. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த ஆய்வு 2002ல் முடிந்தது. வலிப்பு வருவது பாதிக்கும் கீழே குறைந்தது.

இன்னொரு மருந்து ஆஸ்பிரின். அங்கேயும் பாரீஸ் வருகிறது. மிஷெல் போஃபீஸ் என்ற டாக்டரும் கூட்டாளிகளும், ஆபத்து அதிகம் உள்ள பெண்களுக்குக் கர்ப்பத்தின் முதலிலேயே ஆஸ்பிரின் சேர்ந்த மருந்து கொடுத்துப் பலன் கண்டதாக 1985ல் எழுதினார்கள். பிறகு வந்த பெரிய ஆய்வுகள் முன்னுக்குப் பின் முரணாக இருந்தன. 2017ல் லண்டன் நிக்கோலாய்டிஸ் குழு, மூன்றாம் மாதத்திலேயே பி.எல்.ஜி.எஃப்., இரத்த அழுத்தம், குடும்ப விவரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு ஆபத்து உள்ளவர்களைப் பிரித்தது. அவர்களில் ஒரு பாதிக்கு இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், மறு பாதிக்கு வெறும் மாத்திரை. 37 வாரத்துக்கு முன் நோய் முற்றிப் பிரசவம் ஆனது வெறும் மாத்திரைக்காரர்களில் 4.3 சதவீதம், ஆஸ்பிரின்காரர்களில் 1.6 சதவீதம். கர்ப்பிணிகள் தாமாகவே ஆஸ்பிரின் வாங்கிப் போடக் கூடாது, டாக்டர் சொன்னால் மட்டுமே. இதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள்.

பேத்திக்கு அன்று நான் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். கால் வீக்கம், மெட்டி, தலைவலி, மின்னல், மூன்று தடவை வலிப்பு. அவள் அம்மாவுக்கும் பிரசவத்தில் கொதிப்பு ஏறி எட்டாம் மாதமே ஆபரேஷன் ஆனது நினைவுக்கு வந்து அதையும் சொன்னேன். "எல்லாத்தையும் மெதுவா சொல்லு தாத்தா, எழுதிக்கிறேன்" என்றாள். அறுபது வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. அந்த டாக்டர் இரத்தம் எடுத்துக் கணக்குப் போட்டு, இரவில் ஒரு ஆஸ்பிரின் எழுதினார். ஏழாம் மாதத்தில் ஒரு நாள் தலைவலி என்று போனாள். எனக்குத் தூக்கம் இல்லை. விகிதம் 38க்கு நன்றாகக் கீழே இருந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள். வாரம் தவறாமல் வரச் சொன்னார்கள். நாள் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. இப்போது வீடியோவில் என்னைப் பார்த்து, "பாப்பி" என்கிறது.

நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். நம் ஒவ்வொரு வீட்டிலும் பிரசவத்தில் போன ஓர் அக்கா, அத்தை, சித்தி இருப்பார்கள். 'ஜன்னி' என்று ஒரே சொல்லில் மூடிவிட்டோம். வீக்கம் இருந்ததா, தலைவலி இருந்ததா, வலிப்பு பிரசவத்துக்கு முன்பா பின்பா, எத்தனையாவது மாதம் என்பதெல்லாம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை, நம் தலையில்தான் இருக்கிறது. அபசகுனம் என்று நினைக்காமல் வீட்டுப் பெண்களிடம் சொல்லுங்கள், முடிந்தால் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நான் எழுதிவிட்டேன். அக்காவின் பெயருக்கு எதிரே, அந்தப் பழைய புத்தகத்தில் இல்லாத காரணத்தையும் சேர்த்து.